டி2 கத்தி ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிட்டது! பினாங்குக் காற்றுக்கு எந்த எஃகு தாங்கும்?

பாயான்லெப்பாஸ்காரன் | திங்கள், இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸில் கிடங்கு வேலை செய்கிறேன். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாடா, சுற்றும் பிலிம் என்று ஒரு ஷிப்டு முழுக்கக் கை ஓயாமல் வெட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அலகில் டி2 என்று எஃகின் பெயர் பொறித்திருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் சாணை பிடிக்காமலே ஓடும்.

போன சனிக்கிழமை மாமாவோடு பத்து மாவுங் பக்கம் தூண்டில் போடப் போனேன். தீனிக்குக் கெம்போங் மீனை நறுக்கினேன், துணியில் துடைத்தேன், பையில் போட்டேன். அவ்வளவுதான். ஞாயிறு காலையில் பார்த்தால் அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளி. திறந்தால் கரகரவென்கிறது.

"12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, துருவே பிடிக்காது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அடுத்ததற்கு 14சி28என், எஸ்35விஎன், மேக்னாகட் என்ற மூன்று எஃகு வகைகளையும் பார்த்து வைத்திருக்கிறேன். குழப்பம் என்னவென்றால், மேக்னாகட்டில் குரோமியம் 10.7 தானாம். 12 இருந்ததற்கே இந்தக் கதி, 10.7 என்ன ஆகும்? பட்ஜெட் 300 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்காரிக்குத் தெரிந்த பட்ஜெட் 150.

---

கரைத்தூண்டில் | செவ்வாய், காலை 6:15

மீனுக்கும் அட்டைக்கும் ஒரே கத்தி என்று நினைத்ததுதான் தப்பு. நான் கடலுக்கு எடுத்துப் போவது எல்சி200என். நான்கு வருடமாக உப்புத் தண்ணீரில் கிடக்கிறது, ஒரு புள்ளி வரவில்லை. பேரிங் செய்வதற்காக ஜெர்மனியில் உருவான எஃகு அது. கார்பனைக் குறைத்து அந்த இடத்தில் நைட்ரஜனை ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அட்டை வெட்டினால் சீக்கிரம் மழுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தூண்டில் நரம்பை அறுக்கவும் தீனி நறுக்கவும் எனக்கு அது போதும்.

முதலில் கத்தியைக் கழற்றி, மடங்கும் இடத்தில் இருக்கும் உப்பை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துடைத்தது போதாது. உப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

---

டூல்ரூம்தாத்தா | செவ்வாய், மதியம் 1:05

தம்பி, உன் டி2வோடு 27 வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். பிறையில் ஜப்பான்காரன் கம்பெனி டூல்ரூமில் அதற்கு எஸ்கேடி11 என்று பெயர். தகடு வெட்டும் பஞ்ச், டை என்னும் அச்சுகளை அதில்தான் செய்வோம். லட்சக்கணக்கான அடி அடித்தாலும் தேயாது. ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய் போடாமல் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை சிவந்திருக்கும். டூல்ரூமில் யாரும் அதை ஸ்டெயின்லெஸ் என்று சொன்னதே இல்லை. கத்தி விற்பவர்கள்தான் சொல்கிறார்கள்.

நீ கேட்டதுதான் சரியான கேள்வி. 12 ஏன் துருப்பிடிக்கிறது, 10.7 ஏன் பிடிப்பதில்லை?

மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) டீ வாங்குகிறாய். கெட்டிப்பாலை அடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டான், கலக்கவில்லை. மேலே இருப்பதைக் குடித்தால் இனிக்குமா? பால் கிளாஸில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. டி2வில் குரோமியம் அப்படித்தான். அதில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதம். கார்பனுக்குக் குரோமியம் என்றால் உயிர். இரண்டும் சேர்ந்து கார்பைடு என்னும் கடினமான துகளாகிவிடும். தேய்மானத்தைத் தாங்குவது அந்தத் துகள்தான், உன் அட்டைப்பெட்டிக்கு அது நல்லது. ஆனால் அதில் மாட்டிக்கொண்ட குரோமியம் துருவைத் தடுக்க வராது. கரைந்து பரவியிருக்கும் குரோமியம்தான் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுக் காக்கும். டி2வில் ஏறக்குறைய பாதி மாட்டிக்கொள்கிறது. மீதியை வைத்துக்கொண்டு பத்து மாவுங் காற்றில் என்ன செய்ய முடியும்?

மேக்னாகட்டை லாரின் தாமஸ் என்னும் உலோகவியலாளர் வடிவமைத்தார், 2021-இல் வெளிவந்தது. அவர் செய்த வேலை என்னவென்றால், கார்பனுக்கு வேறு ஜோடி பார்த்து வைத்தார்: வனேடியம் 4 சதவீதம், நயோபியம் 2 சதவீதம். கார்பன் அவற்றோடு போய்விட்டது. குரோமியம் முழுக்கக் கரைந்தே நிற்கிறது. எண் சிறியதுதான், ஆனால் எல்லாம் வேலை செய்கிற எண். அதனால் அட்டவணையில் குரோமியக் கட்டத்தை மட்டும் பார்த்துக் கத்தி வாங்காதே. பக்கத்தில் கார்பன் எவ்வளவு என்று சேர்த்துப் பார்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை: பதம். எஃகின் பெயர் ஒன்றாக இருந்தாலும், சூடேற்றித் தோய்த்துத் திரும்பப் பதப்படுத்துகிற முறை மாறினால் குணமும் மாறிவிடும். நாங்கள் டைக்கு 500 டிகிரிக்கு மேல் பதப்படுத்துவோம். கெட்டியாக நிற்கும். ஆனால் அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துவிடும், துரு எதிர்ப்பு மேலும் குறையும். கத்திக்கு 200 டிகிரி பக்கம் பதப்படுத்தியிருந்தால் கொஞ்சம் தேவலை. உன் கத்தியை எப்படிச் செய்தார்கள் என்று அலகில் பொறித்திருக்கிறதா? இருக்காது. உள்ளே இருப்பது டி2 தானா என்பதே எனக்குச் சந்தேகம். லேசர் இருந்தால் எதில் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்.

---

சிவப்புக்கைப்பிடி | செவ்வாய், மதியம் 2:20

இத்தனை கெமிஸ்ட்ரி எதற்கு? சுவிஸ்காரன் விக்டோரினாக்ஸ் வாங்குங்கள். அப்பா 90-களில் வாங்கியது இன்னும் என் பையில் இருக்கிறது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 தான், மென்மை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். காபிக் கோப்பையின் அடியில் இருக்கும் சொரசொரப்பு வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளி வெட்டும். துரு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

---

பழக்கடைஅக்கா | செவ்வாய், இரவு 9:30

ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் பழக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற எஃகு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு நான் வெட்டுகிற அளவுக்கு உங்களில் யாரும் வெட்டுவதில்லை.

என் கையில் இருப்பது தாய்லாந்துக் கீவி கத்தி. பத்து வெள்ளிக்குள் வந்துவிடும், தகடு மாதிரி மெல்லிசு. அன்னாசிக்கும் கொய்யாவுக்கும் அதைவிட நல்ல கத்தியை நான் பார்த்ததில்லை. மழுங்கும்தான். மத்தியானம் ஒரு தடவை கம்பியில் இழுப்பேன், அதோடு சரி.

தம்பி ஒருவர் பிரெஞ்சுக்காரன் ஓப்பினெல் ஒன்று பரிசாகக் கொடுத்தார், கார்பன் எஃகு. முதல் நாளே மாங்காய் நறுக்கினேன். அலகு கறுத்தது, மாங்காய்த் துண்டின் ஓரமும் கறுத்தது. வாடிக்கையாளர் "அக்கா, இது என்ன கறுப்பு?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு அது வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் வெங்காயமும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி இப்போது அலகு முழுக்கச் சாம்பல் நீலமாக, மயில் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஒன்று, அந்தக் கறுப்பு வந்த பிறகு சிவப்புத் துரு வருவதே இல்லை. ஏன் என்று தாத்தா சொல்லட்டும்.

---

டூல்ரூம்தாத்தா | செவ்வாய், இரவு 10:10

அக்கா சொல்வது சரி. புளிப்பு பட்டு வருகிற அந்தக் கறுப்பும் இரும்பு ஆக்சைடு வகைதான். ஆனால் சிவப்புத் துரு மாதிரி உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஓரளவு காவல் காக்கும். வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குத்தான் அது அழுக்கு.

---

சாணைக்கல் | புதன், காலை 8:45

எல்லோரும் எஃகைப் பேசிவிட்டீர்கள். வாயைப் பற்றி யாரும் பேசவில்லை. கத்தி வாயைச் சொல்கிறேன்.

கடையிலிருந்து வருகிற மடக்குக் கத்திகளில் பாதிக்கு மேல், வாய்க்குப் பின்னால் தடியாக இருக்கும். பக்கத்துக்கு 20, 22 டிகிரி. அப்படிப்பட்ட வாயில் எந்த எஃகைப் போட்டாலும் அட்டையை வெட்டாது, பிளக்கும். அதே கத்தியைப் பக்கத்துக்கு 15 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். மெல்லிய வாயுள்ள சாதாரண எஃகு, தடித்த வாயுள்ள விலை உயர்ந்த எஃகைத் தோற்கடிக்கும். அக்காவின் கீவிக் கத்தி ஏன் வெட்டுகிறது என்பதற்கு விடையும் இதுதான்.

எப்படி இறக்குவது? மார்க்கர் பேனாவால் வாயின் ஓரம் முழுக்க மை பூசுங்கள். கல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை தோளில் (வாயின் சரிவு தொடங்கும் இடத்தில்) மட்டும் போயிருந்தால் கத்தியைப் படுக்க வைத்துப் பிடித்திருக்கிறீர்கள். வெட்டும் விளிம்பில் மட்டும் போயிருந்தால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். ஓரம் முழுக்கச் சுத்தமாகப் போகிற கோணம்தான் இப்போது கத்தியில் இருக்கும் கோணம். அதிலிருந்து கொஞ்சம் சாய்த்து வைத்து, மறுபக்கம் பிசிறு (மடங்கி எழும் மெல்லிய எஃகு விளிம்பு) எழும்பும் வரை தேயுங்கள். பிசிறு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாய்க்கு வெளியே போகிற மாதிரி தடவினால் நகத்தில் லேசாக மாட்டும். வாயின் நீளவாட்டில் மட்டும் தடவிவிடாதீர்கள்! பிசிறு எழும்பியதும் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுங்கள். புதிதாகக் கற்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பிசிறை எடுக்காமல் "ஆஹா, கூராகிவிட்டது" என்பார்கள். நாலு பெட்டி வெட்டியதும் மழுங்கிவிடும், பழி எஃகின் மேல் விழும்.

கல் விஷயமும் இருக்கிறது. 14சி28என், விக்டோரினாக்ஸ், கீவி எல்லாம் சாதாரணக் கல்லில் வெண்ணெய் மாதிரி இறங்கும். எஸ்35விஎன், மேக்னாகட் இரண்டிலும் இருக்கும் வனேடியம் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம். கல் அதை வெட்டாமல் சுற்றியிருப்பதை மட்டும் தேய்க்கும். அதற்கு வைரத் தகடு வேண்டும். அந்தச் செலவையும் உங்கள் 300 வெள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, மோட்டார் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஒருவர் என் கத்தியைத் தண்ணீர் தொடாமல் சக்கரத்தில் வைத்தார், தீப்பொறி தீபாவளி மாதிரி பறந்தது. நுனியில் நீலம் பூத்துவிட்டது. நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போச்சு.

---

தோட்டத்துப்பேரன் | புதன், இரவு 7:50

சாணைக்கல் அண்ணன் சொன்னதைப் படித்ததும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. சுங்கை பக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிகாலை நாலரைக்கு, வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே, படிக்கட்டில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார். தீட்டி முடித்ததும் முன்கையில் வைத்து இழுப்பார், முடி விழ வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையை ஆழமாகக் கடித்துவிட்டால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு.

அவருடைய பாராங் (வெட்டுக்கத்தி), லாரியின் வில்தகட்டில் பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்தது. அதில் கார்பன் 0.6 சதவீதம் பக்கம், குரோமியம் ஒரு சதவீதம்கூட இருக்காது. துருப்பிடிக்கும், துடைப்பார், எண்ணெய் போடுவார். ஆனால் கல்லில் பட்டாலும் வாயில் பல் விழாது, மடங்கும், அவ்வளவுதான். டி2வில் பாராங் செய்து தேங்காய் வெட்டினால் என்ன ஆகும்?

---

டூல்ரூம்தாத்தா | புதன், இரவு 8:30

பல் பல்லாக விழும். அதில் இருக்கும் கார்பைடு பெரிய பெரிய கட்டி. உரலில் நொய் போட்டு இடித்த மாவுக்கும் மிஷின் மாவுக்கும் இருக்கும் வித்தியாசம். எஸ்35விஎன், மேக்னாகட் எல்லாம் மிஷின் மாவு: உருகிய எஃகை வாயுவால் பொடியாகச் சிதறடித்து, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்த்துக் கட்டியாக்குவார்கள். அதனால் கார்பைடு சின்னச் சின்னதாகப் பரவி நிற்கும். 14சி28என் பொடி வழியில் வருவதில்லை, ஆனால் அது சவர பிளேடு எஃகின் வம்சம். கார்பன் 0.62 தான், கார்பைடு குறைவு, இருப்பதும் நுணுக்கம். அதனால்தான் அவ்வளவு மெல்லிய வாயைத் தாங்குகிறது.

---

ஆதிஎஃகு | புதன், இரவு 9:15

உலகத்துக்கே எஃகு கொடுத்தவர்கள் நாம். கொடுமணலில் உலை கிடைத்திருக்கிறது. ஊட்ஸ் என்னும் நம் பழங்கால எஃகைப் பற்றி யாரும் பேசாதது வருத்தம்.

---

சிவப்புக்கைப்பிடி | புதன், இரவு 9:22

பேசலாம் ஐயா, தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவர் நாளைக் காலை அட்டைப்பெட்டி வெட்ட வேண்டும்.

---

கரைத்தூண்டில் | வியாழன், காலை 6:40

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கொம்தார் கட்டடத்தில் சுற்றாதீர்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறை. மடக்குக் கத்திதானே என்று ரோட்டில் வாதம் பண்ண முடியாது. என் கத்தி தூண்டில் பெட்டிக்குள் இருக்கும், வீட்டுக்கு வந்தால் அலமாரிக்கு. தம்பி, நீங்கள் வேலையிடத்து லாக்கரிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

---

பாயான்லெப்பாஸ்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

தாமதத்துக்கு மன்னியுங்கள், இரவு ஷிப்டு. நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

முதலில் பழைய டி2வைக் கழற்றிக் கழுவினேன். கரைத்தூண்டில் அண்ணன் சொன்னது உண்மை. மடங்கும் இடத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது. துருவைத் தேய்த்து எடுத்தேன், கீழே சின்னச் சின்னக் குழி. அவை போகாது. இப்போது பேபி ஆயில் போட்டு வைக்கிறேன். முதலில் தேங்காய் எண்ணெய்தான் போட்டேன், ஒரு வாரத்தில் சிக்குப் பிடித்துத் திறக்கவே கஷ்டமாகிவிட்டது. யாரும் செய்யாதீர்கள்.

அப்புறம் லோரோங் கூலிட் சந்தைக்குப் போய்ப் பழைய கல் ஒன்று வாங்கி, மார்க்கர் வைத்தியம் பார்த்தேன். முதல் இரண்டு நாள் கத்தியைவிட என் விரல்தான் தேய்ந்தது.

பிறகு ஒரு சின்னச் சோதனை. சக ஊழியர் ஒருவரிடம் எஸ்35விஎன் கத்தி இருந்தது, கடன் வாங்கினேன். அது கடையிலிருந்து வந்த கோணத்திலேயே இருந்தது, மார்க்கர் வைத்துப் பார்த்ததில் 20-க்கு மேல். 14சி28என்னில் ஒன்று நானே வாங்கிவிட்டேன் (150-க்குள், வீட்டில் சமாதானம்). அதை 15-க்கு இறக்கினேன். ஒரே வகைப் பெட்டி, ஒரே ஷிப்டு, வலது பக்கப் பெட்டிகளுக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு மற்றது. பாசார் (சந்தை) ரசீதுத் தாளை இழுத்து வெட்ட முடியாமல் போகும் வரை வெட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

எஸ்35விஎன் முதல் நாள் மாலையிலேயே ரசீதைக் கிழித்தது. 14சி28என் மறுநாள் சாப்பாட்டு நேரம் வரை வெட்டியது. அடுத்த வாரம் நண்பரின் அனுமதியோடு எஸ்35விஎன்னையும் வைரத் தகட்டில் 15-க்கு இறக்கினோம். இப்போது அது மூன்றாம் நாள் வரை போகிறது. ஆக, எஃகு பெயருக்கும் மதிப்பு இருக்கிறது, ஆனால் வரிசையில் இரண்டாவதாகத்தான் நிற்கிறது. தகட்டில் இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 14சி28என்னுக்குச் சாதாரணக் கல்லில் கால் மணி நேரம்.

உப்புச் சோதனையும் உண்டு. மூன்று கத்தியிலும் உப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து ஒரு சொட்டு, ஒரு ராத்திரி, குளியலறை ஜன்னலில். டி2வில் சொட்டு விழுந்த வடிவத்துக்கே பழுப்பு வட்டம். எஸ்35விஎன்னில் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு, விரலால் தேய்த்ததும் போனது. 14சி28என்னில் ஒன்றுமில்லை. நண்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேக்னாகட் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசு இருந்தால் மாமாவுக்கு எல்சி200என் ஒன்று வாங்கித் தருவேன். என் கத்தியை அவர் இனிமேல் மீனுக்குக் கேட்க மாட்டார்.

---

டூல்ரூம்தாத்தா | ஞாயிறு, இரவு 7:00

ஒரே சொட்டு, ஒரே ராத்திரி, ஒரே ஜன்னல். எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பையன்கள் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. டி2வைத் தூக்கிப் போடாதே. குழி இருந்தால் என்ன, அட்டைக்கு அது ராஜா. தோல் உறையில் மட்டும் வைக்காதே, தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

---

பழக்கடைஅக்கா | ஞாயிறு, இரவு 9:10

தம்பி, கல் பிடிக்கக் கற்றுக்கொண்டாய் அல்லவா? அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கடைப்பக்கம் வா, கூட்டம் குறைந்திருக்கும். ஆறு கத்தி கிடக்கிறது. கூலி கேட்காதே, ஜம்பு ஒரு பை தருகிறேன்.